ஹோஃப்ராட் அம்மாவின் மேஜை

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே ரோஸ்விதாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு தொப்பியை வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், வேறொன்றை வைத்தாள், மறுபடி பழையதற்கே வந்தாள். விவாகரத்துக்குப் பிறகு முதல் தடவையாக லிண்ட்ஹூபர் உணவகத்துக்குத் தனியாகச் சாப்பிடப் போகிறவள் கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரியும் இருக்கக் கூடாது, இழவு வீட்டுக்குப் போகிறவள் மாதிரியும் இருக்கக் கூடாது. கடைசியில் இரண்டிலும் சேராத ஒரு சாம்பல் நிறத் தொப்பியை மாட்டிக்கொண்டு, இப்போது குடியிருக்கிற ஸிமரிங்கில் எழுபத்தொன்றாம் நம்பர் டிராமில் ஏறினாள். வியன்னாவில் ஒருவர் எழுபத்தொன்றில் ஏறிவிட்டார் என்றால் மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தார் என்று அர்த்தம். நவம்பர் மாதம் வேறு. எதிர்ப்பக்கம் போன வண்டிகளில் செவ்வந்திச் சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ஊரே கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தது. நல்லவேளை, நான் ஊருக்குள் போகிற பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இறங்கிய பிறகும் நேரம் இருந்தது. ஓபராக் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். கையுறைக் கடையின் கண்ணாடியில் தொப்பியைச் சரிசெய்தாள். இன்னொரு சுற்று. குதிரைவண்டிக்காரன் ஒருவன் சுற்றுலாக்காரி என்று நினைத்து வண்டியில் ஏறச் சொன்னான். அவனை ஒரு முறை முறைத்துவிட்டு நடந்தாள்.

விஷயம் மேஜைதான். லிண்ட்ஹூபரில் பச்சை ஓடு பதித்த கணப்புக்குப் பக்கத்தில், ஜன்னலை ஒட்டி ஒரு மூலை மேஜை. முப்பது வருஷத்துக்கு மேலாக ஞாயிறு மத்தியானம் அது பாக்லர் தம்பதியுடையது, அதாவது ரோஸ்விதாவுடையதும் அவள் கணவன் எகோனுடையதும். மந்திரி வந்து நின்றாலும் தலைமைப் பரிசாரகர் அல்போன்ஸ் அதைக் கொடுக்கமாட்டார். கல்யாணம் முறிந்தபோது பெரிய வீடு விலைபோனது. ஏரிக்கரை வீடு எகோனுக்கு. நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களில் முக்கால்வாசி அவன் பக்கம். வக்கீல்கள் கரண்டி முதற்கொண்டு பிரித்தார்கள். இந்த மேஜையைப் பிரிக்க மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஆகவே இது என்னுடையது என்று ரோஸ்விதா முடிவு கட்டியிருந்தாள்.

மேஜையோடு ஒட்டிக்கொண்டு ஒரு பெயரும் இருந்தது. எகோன் நீர்வளத் துறையில் பெரிய அதிகாரியாக இருந்தவன். அப்படிப்பட்டவர்களுக்குத் தலை நரைக்கிற காலத்தில் அரசாங்கம் ஹோஃப்ராட் என்று ஒரு பட்டம் கொடுக்கும். அரண்மனை ஆலோசகர் என்று அர்த்தம். ராஜா போய் நூறு வருஷம் ஆகிறது, அரண்மனையில் டிக்கெட் கிழிக்கிறார்கள், ஆலோசகர் மட்டும் இன்னும் இருக்கிறார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் பட்டம் கிடைத்தவன் எவனும் சிரித்ததில்லை, அவன் பெண்டாட்டி சிரித்ததே இல்லை. ஏனென்றால் அன்றைக்கே அவள் ஹோஃப்ராட் அம்மா ஆகிவிடுகிறாள். கசாப்புக் கடையில், மருந்துக் கடையில், சலவைக் கடையில் எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளை முதன்முதலில் அப்படிக் கூப்பிட்டவர் அல்போன்ஸ்தான். பட்டம் வந்த வாரம் சூப்பைப் பரிமாறிவிட்டு, இடுப்பை லேசாக வளைத்து, “நல்லா சாப்பிடுங்க, ஹோஃப்ராட் அம்மா” என்றார். ரோஸ்விதாவுக்கு அன்று சூப்பு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஸிமரிங்கில் அதையெல்லாம் யார் கண்டார்கள்? மருந்துக் கடைப் பெண் “பாக்லர்” என்று ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறாள். பத்து மாதமாக அதைக் கேட்டுக் கேட்டு, நேற்று பொறுக்கமுடியாமல் லிண்ட்ஹூபருக்குப் போன் போட்டாள். எடுத்தவள் கல்லாவில் இருக்கும் அம்மாள். “ஹோஃப்ராட் பாக்லர் மேஜை, நாளைக்கு, வழக்கம்போல” என்று ரோஸ்விதா சொன்னாள். “அது ஏற்கெனவே இருக்கே” என்று பதில் வந்தது. கேட்டதும் ரோஸ்விதாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பத்து மாதம் வராமல் இருந்தும் மேஜை எனக்காகக் காத்திருக்கிறது, அதற்குத்தான் லிண்ட்ஹூபர் என்று பெயர் என்று நினைத்துக்கொண்டாள். தன் சொந்தப் பெயரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த அம்மாள் விளங்கிக்கொண்டிருப்பாள். சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

உள்ளே நுழைந்ததும் வெந்த மாட்டிறைச்சியும், காரம் மூக்கில் ஏறுகிற குதிரைமுள்ளங்கியும் கலந்த அந்தப் பழைய வாசனை. அல்போன்ஸ் கோட்டை வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. வியன்னாவில் நல்ல பரிசாரகருக்கு எல்லாம் தெரியும், எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டார்.

“வாங்க, ஹோஃப்ராட் அம்மா. உங்களைப் பாத்து எத்தனை நாளாச்சு.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை பாடு. ரோஸ்விதாவுக்குக் கண் கரித்தது. பக்கத்து மேஜைகளுக்குத் தலையாட்டிக்கொண்டே தன் மூலைக்குப் போனாள். அப்புறம்தான் பார்த்தாள்: மூன்று தட்டுகள் வைத்திருந்தது.

“நான் ஒருத்திதானே” என்றாள்.

“ஹோஃப்ராட் வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாரே, ரெண்டு பேருக்குன்னு. நேத்து ‘வழக்கம்போல’ன்னு ஒரு அம்மா கூப்பிட்டதாக் கல்லாவுல சொன்னாங்க, அது நீங்கதான்னு தெரிஞ்சு நான் மூணாக்கிட்டேன்.” அல்போன்ஸ் குரலைத் தாழ்த்தினார். “இந்தக் காலத்துல பெரிய மனுஷங்க இதையெல்லாம் பக்குவமா எடுத்துக்கறாங்க. பாக்கவே சந்தோஷமா இருக்குங்க.”

ரோஸ்விதா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். இப்போதே எழுந்து போய்விடலாம், தலைவலி என்று சொன்னால் போதும். ஆனால் எழுந்தால் மேஜை போயிற்று. இந்த ஞாயிறு விட்டால் எல்லா ஞாயிறும் விட்டதுதான். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் சீட்டுப் பிடித்தவள் மாதிரி அழுத்தி உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். உப்புக் கிண்ணத்தை இந்தப் பக்கம் நகர்த்தி, மறுபடி அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

கதவு திறந்தது. எகோன், அவன் பின்னால் டாக்மார். டாக்மாரைப் பற்றி ரோஸ்விதா கேள்விப்பட்டிருந்தாள். கால்நடை மருத்துவர், ஐம்பதை எட்டவில்லை, வசந்தத்தில் எகோனோடு பதிவுக் கல்யாணம். நேரில் பார்ப்பது இப்போதுதான். குட்டையாக வெட்டிய தலைமுடி, புறங்கையில் நீளமாக ஒரு பூனைப் பிறாண்டல். சுற்றியிருந்த மேஜைகளில் முள்கரண்டிகள் ஒரு கணம் நின்றன. அப்புறம் யாரும் எதையும் பார்க்காததுபோல எல்லாம் மறுபடி ஓட ஆரம்பித்தன.

“அட, ரோஸி” என்றான் எகோன். அவன் முகத்தில் சங்கடத்தின் சாயல்கூட இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தான்.

அல்போன்ஸ் கணப்புப் பக்கத்து நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, “இப்படி உக்காருங்க, ஹோஃப்ராட் அம்மா” என்றார். டாக்மாரிடம் சொன்னார். ஆனால் ரோஸ்விதா பாதி எழுந்துவிட்டாள். இரண்டு பெண்களும் ஒரே நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அல்போன்ஸின் காது மட்டும் சிவந்துபோனதை ரோஸ்விதா கண்டாள்; இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஒரு ஹோஃப்ராட்டுக்கு எத்தனை ஹோஃப்ராட் அம்மா இருக்கலாம் என்று எந்தப் பரிசாரகருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

“எனக்கு டாக்மார்னு சொன்னாப் போதும்” என்றாள் டாக்மார். அந்த வார்த்தை அல்போன்ஸுக்குச் சண்டைக்குக் கூப்பிட்டுக் கையுறையைக் கழற்றி எறிந்தது போல இருந்திருக்கும். கேளாதவர் போல் வணங்கிவிட்டுச் சமையலறைப் பக்கம் போனார்.

உட்கார்ந்தார்கள். வேறு என்ன செய்வது? லிண்ட்ஹூபரில் யாரும் சண்டை போடுவதில்லை. அங்கே ஒருவர் மேஜையிலேயே மாரடைப்பில் போனபோதும், ஆளைத் தூக்கிக்கொண்டு போகும்வரை மற்றவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. எகோன் பட்டியலைத் திறக்காமலே வழக்கமானதை மூன்று பேருக்குக் கொண்டுவரச் சொன்னான். இரண்டு பேரிடமும் கேட்கவில்லை.

வழக்கமானது என்றால் செப்புப் பாத்திரத்தில் வெந்த மாட்டிறைச்சி, சாறும் காய்களும் எலும்புகளுமாக, அடுப்பிலிருந்து நேராக மேஜைக்கு வருவது. முதலில் சாற்றைச் சூப்பாகக் குடிக்கவேண்டும், அப்புறம் எலும்பிலுள்ள மஜ்ஜையை வறுத்த ரொட்டியில் தட்டி உப்புப் போட்டுத் தின்னவேண்டும், அதற்கப்புறம்தான் இறைச்சி. எகோன் டான்யூப் ஆற்று மட்டத்தைப் பற்றிப் பேசினான். ஓய்வு பெற்றும் தினம் காலையில் நீர்மட்டம் பார்க்காமல் அவனுக்குக் காப்பி இறங்காது. டாக்மார், நேற்று ஒரு டாக்ஸ்ஹுண்ட் நாயின் வயிற்றிலிருந்து எடுத்த குழந்தைச் சாக்ஸைப் பற்றிச் சொன்னாள். சிரிப்பாகத்தான் இருந்தது. ரோஸ்விதா சிரிக்காமல் இருக்கப் பிரயத்தனப்பட்டாள். அவள் கால் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. முட்டியைக் கையால் அழுத்தினாள். மற்றக் கால் ஆட ஆரம்பித்தது.

சூப்பு முடிந்தது. எகோன் திரும்பி அல்போன்ஸிடம், போன வருஷக் குதிரைமுள்ளங்கியில் இருந்த காரம் இந்த வருஷம் ஏன் இல்லை என்று விசாரிக்க ஆரம்பித்தான். அது அவன் ஒவ்வொரு நவம்பரும் கேட்கிற கேள்வி. அல்போன்ஸ் மழையைக் குறை சொல்வது ஒவ்வொரு நவம்பரும் வருகிற பதில்.

அப்போதுதான் அது நடந்தது. ரோஸ்விதாவின் கை பாத்திரத்துக்குள் போய் ஒரு எலும்பை இடுக்கியால் எடுத்தது. தட்டில் நிறுத்தி, ஒல்லிக் கரண்டியால் உள்ளே சுற்றி வழித்து, ரொட்டியில் தட்டியது. மஜ்ஜை முழுசாக, உடையாமல் விழுந்தது. கை அதைக் கத்தியால் பரப்பி, உப்புத் தூவி, மிளகு தூவி, ரொட்டியை இரண்டாக வெட்டி எகோனின் தட்டில் வைத்தது. வைத்த பிறகுதான் ரோஸ்விதாவுக்குத் தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. முகம் காதுவரை பற்றிக்கொண்டது.

எகோன் பேச்சை நிறுத்தாமல், தட்டைப் பார்க்காமல், ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். யார் வைத்தார்கள் என்று பார்க்கவில்லை. மென்றுகொண்டே மழையைப் பற்றித் தன் கருத்தையும் சொன்னான்.

டாக்மார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் சற்றுக் குனிந்து, மெல்லிய குரலில் கேட்டாள்:

“இது நான் செய்யவேண்டிய வேலையா?”

அதில் கேலி இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் கேட்பதுபோலக் கேட்டாள். அதனால்தான் ரோஸ்விதாவுக்கு உண்மையைச் சொல்லவேண்டியிருந்தது.

“யாரும் சொல்லல. நானாத்தான் ஆரம்பிச்சேன். கல்யாணமான புதுசுல சட்டைக் கையில சிந்திக்குவான்.”

“ஓஹோ” என்றாள் டாக்மார். சற்று யோசித்தாள். “என்கிட்ட வர்ற நாய்ங்ககூட எலும்பைத் தானாத்தான் கடிச்சுக்குதுங்க.”

இரண்டாவது துண்டையும் தின்று முடித்திருந்த எகோன், தட்டை ரோஸ்விதா பக்கம் ஒரு விரலால் தள்ளினான். பழைய நாட்களில் பாத்திரத்தில் இரண்டு எலும்பு வரும், இரண்டும் அவனுக்குத்தான் போகும். ரோஸ்விதாவின் கை இடுக்கியைத் தொட்டு நின்றது. டாக்மார் அவளை முந்திக்கொண்டு இரண்டாவது எலும்பை எடுத்துத் தன் ரொட்டியில் தட்டினாள். பாதி மேஜைவிரிப்பில் விழுந்தது. கவலைப்படாமல் விரலால் வழித்துத் தின்றாள். பிறகு பாத்திரத்தை ரோஸ்விதா பக்கம் திருப்பி வைத்தாள். இன்று மூன்று பேருக்கான பாத்திரம். அதனால் ஒரு எலும்பு மிச்சமிருந்தது.

இந்த மேஜையில் ரோஸ்விதா ஒரு நாளும் மஜ்ஜை தின்றதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த இரண்டு ரொட்டித் துண்டுகளையும் அவன் தட்டில் வைக்கிறபோது மனசுக்குள் ஒரு சின்னத் தியாகம் செய்த திருப்தி இருக்கும். இருப்பதிலேயே நல்லதை அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் கேரட் தின்கிறேன் என்று நினைப்பாள். எத்தனையோ கசப்பான வாரங்களை அந்த நினைப்பை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறாள். இப்போது எலும்பை எடுத்தாள், தட்டினாள், உப்புப் போட்டாள், தின்றாள்.

பிடிக்கவில்லை. மெழுகுவத்தியைக் கடித்த மாதிரி வழவழவென்று நாக்கில் ஒட்டியது. இன்னொரு கடி கடித்துப் பார்த்தாள். அதே மெழுகு. இதற்கா? முப்பது வருஷம் தியாகம் செய்ததாக நான் மெச்சிக்கொண்டது இந்தச் சனியனுக்கா? கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. எகோன்மேல் என்றால் எளிதாக இருந்திருக்கும். அவன் கேட்டானா என்ன? அந்தக் கோபம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அவளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

இறைச்சித் துண்டுகள் தட்டுக்கு வந்தபோது எகோன் உற்சாகத்தின் உச்சியில் இருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான்.

“அல்போன்ஸ், இது ரொம்ப நல்லா அமைஞ்சுபோச்சு. இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மூணு பேருக்கே போட்டுடுங்க. நாகரிகமான மனுஷங்க நாங்க. என்ன ரோஸி?”

ரோஸ்விதா வாயைத் திறப்பதற்குள் டாக்மார் பேசினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மருத்துவமனையில் அவசர முறை தன்னுடையதுதான் என்றும், இன்று ஒரு நாள் மட்டும் மாற்றிக்கொண்டு வந்ததாகவும், இனி வரமுடியாது என்றும் சொன்னாள். சொல்லும்போது எகோனைப் பார்க்கவில்லை, ரோஸ்விதாவையும் பார்க்கவில்லை, விரிப்பிலிருந்த எண்ணெய்க் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அவசர முறை இந்த நிமிஷத்தில் பிறந்தது என்று ரோஸ்விதாவுக்குச் சந்தேகம் தட்டியது. கெட்டிக்காரிதான், நழுவிவிட்டாள்.

எகோன் கொஞ்சம்கூட வருத்தப்படவில்லை. “சரி, அப்போ ரெண்டு பேர்” என்றான்.

அல்போன்ஸின் முகம் மலர்ந்தது. அவருக்கு எல்லாம் மறுபடி ஒழுங்குக்கு வந்துவிட்டது. நாற்காலிக் குழப்பம் இனி இல்லை.

“ரொம்ப சந்தோஷம். ஹோஃப்ராட்டும் ஹோஃப்ராட் அம்மாவும். வழக்கம்போல.”

காலையில் தொப்பியை மாற்றி மாற்றி வைத்தபோது ரோஸ்விதா கேட்டது இதைத்தான். ஓபராவை இரண்டு சுற்றுச் சுற்றியபோது வேண்டிக்கொண்டதும் இதைத்தான். மேஜை, ஜன்னல், பெயர் எல்லாம் கைக்கு வந்துவிட்டது, ஒன்றும் குறையவில்லை. தலையை மட்டும் ஆட்டினால் போதும். எகோன் அதற்குள் அடுத்த வாரம் இறைச்சியில் எந்தத் துண்டு நன்றாக இருக்கும் என்று அல்போன்ஸோடு பேச ஆரம்பித்துவிட்டான். அவன் தள்ளிய ரொட்டித் தட்டு இன்னும் அவள் பக்கமாகவே இருந்தது.

“அல்போன்ஸ்” என்றாள். “ஒருத்தருக்குப் போடுங்க. அவனுக்கு மட்டும்.”

எகோன் திரும்பினான். இன்று முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். கோபமில்லை, பாவம், நிஜமாகவே புரியவில்லை.

“ஏன் ரோஸி? இங்க உனக்கு என்ன குறை?”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் சொல்ல ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சாப்பாட்டுக்கு அவன் பணம் கொடுக்கட்டும், அதில் அவளுக்கு ரோஷமெல்லாம் இல்லை. டாக்மாரும் எழுந்து கையை நீட்டினாள். குலுக்கியபோது பூனைப் பிறாண்டல் விரல்களில் சொரசொரத்தது.

அல்போன்ஸ் வாசலில் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கை, பிறகு மற்றக் கை. ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

“வெளிய காத்தடிக்குதும்மா. கழுத்தை மூடிக்கிட்டுப் போங்க.”

வெறும் அம்மா. தெருவோடு போகிற யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். வேண்டுமென்றே சொன்னாரா, வாய் தவறியதா என்று பரிசாரகர் முகத்தைப் பார்த்து யாரால் கண்டுபிடிக்கமுடியும்? ரோஸ்விதாவுக்கு நெஞ்சில் குத்தியது. இதற்கு அவளே காரணம் என்பதும் சேர்ந்து குத்தியது. “வர்றேன், அல்போன்ஸ்” என்று சொல்லிவிட்டு, வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்திருக்க, படியிறங்கினாள்.

தெருவில் காற்று அடித்தது. ஓபராப் பக்கம் நடந்தாள், திரும்பி வளையச்சாலைப் பக்கம் நடந்தாள், டிராம் வந்தும் ஏறாமல் விட்டாள். பயமாக இருந்தது. இந்த வயதில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களைப் புதிதாக எங்கே போய்த் தேடுவது? அதோடு பசி வேறு. ஒரு மெழுகுத் துண்டைத் தவிர சூப்புதான் வயிற்றில் இருந்தது. இறைச்சியைத் தொடாமலே வந்துவிட்டாள்.

மூலையில் சாஸேஜ் என்கிற தொத்திறைச்சி விற்கும் கடை இருந்தது. நின்றுகொண்டே தின்கிற கடை. ஹோஃப்ராட் அம்மாக்கள் வருகிற இடமில்லை. டாக்ஸிக்காரர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, முறை வந்ததும் ஒன்று கேட்டாள். கடைக்காரன் அவள் தொப்பியைக்கூடப் பார்க்காமல் இறைச்சியை வெட்டிக்கொண்டே கேட்டான்:

“கடுகு இனிப்பா, காரமா?”

அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் எகோனுக்குப் பிடித்த காரக் கடுகுச் சாந்துதான் இருக்கும். அவளுக்கு எது பிடிக்கும் என்று அவளே கேட்டுக்கொண்டதில்லை. பின்னால் நின்ற டாக்ஸிக்காரர், “அம்மா, குதிரைப் பந்தயமா கட்டறீங்க, கடுகுதானே” என்றார்.

“ரெண்டையும் வைங்க” என்றாள் ரோஸ்விதா. “தின்னு பாத்துச் சொல்றேன்.”